சும்மா கிடந்த பிரவுசர் எழுந்திருக்க 40 நொடி: ரேம் காலியாக இருந்தும் ஸ்வாப்புக்கு ஏன் போகிறது?

அரைத்தூக்கம்:

மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது. தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

லினக்ஸ் மடிக்கணினி. 8 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேமில் இடம் போதாதபோது தரவை எழுதிவைக்க டிஸ்கில் ஒதுக்கிய பகுதி). இரவு பத்தரைக்குத் திரையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போவேன். பிரவுசர், மெயில் செயலி, பாதியில் விட்ட ஆவணம் எல்லாம் திறந்தபடியே இருக்கும். காலை ஏழு மணிக்கு வந்து கடவுச்சொல் அடித்தால் திரை உடனே வருகிறது. பிரவுசரைத் தொட்டதும் கூத்து ஆரம்பம். சன்னல் வெளுத்துப் போகும், டிஸ்க் கரகரவென்று ஓடும், அதன் விளக்கு அணையவே அணையாது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், சராசரியாக 40 நொடி. அப்புறம் மெயிலைத் தொட்டால் இன்னொரு 15 நொடி. ஒருமுறை எழுந்துவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை.

இன்று காலை எதையும் தொடும் முன் ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளை போட்டுப் பார்த்தேன். மொத்தம் 7.6 ஜிபி, பயன்பாட்டில் 1.9, காலி 4.1, கேஷ் (படித்த கோப்புகளின் பிரதி) 1.6, அவைலபிள் (தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளக்கூடியது) 5.4. ஸ்வாப்பில் மட்டும் 2.7 ஜிபி உட்கார்ந்திருக்கிறது.

நாலு ஜிபி காலியாகக் கிடக்கும்போது என் பிரவுசரைத் தூக்கி டிஸ்கில் போடச் சொன்னது யார்? இரவில் மெஷினை யாரும் தொடுவதில்லை. எட்டு மணி நேரம் சும்மா இருந்த குற்றத்துக்காகவே வெளியே தள்ளிவிடுகிறதா? அப்படியென்றால் அந்த நேர வரம்பு எங்கே இருக்கிறது, அதை மாற்ற முடியுமா?

ஸ்வாப்பினஸ் என்ற லினக்ஸ் அமைப்பின் மதிப்பை 60-இலிருந்து 10 ஆக்கிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கோபத்தில் ஸ்வாப்பையே அணைத்தேன். ஐந்து நாள் சொர்க்கம், காலையில் எல்லாம் பட்டென்று வந்தது. ஆறாம் நாள் பகலில் ஒரு பெரிய விரிதாளைத் திறந்தபோது மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ்கூட நகரவில்லை, ஆனால் டிஸ்க் மட்டும் பத்து நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்வாப்பே இல்லாத மெஷினில் டிஸ்குக்கு அப்படி என்ன வேலை? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். ஸ்வாப்பைத் திரும்பப் போட்டேன். பழைய 40 நொடியும் திரும்ப வந்துவிட்டது.

நேர்வழி:

8 ஜிபி எல்லாம் இப்போது போதாது. 16 ஆக்குங்கள், அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ஸ்வாப்பை மறந்துவிடுங்கள். ரேம் அரிதாக இருந்த காலத்து மிச்சம் அது. நான் ஆறு வருடமாக ஸ்வாப் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். 32 ஜிபி, ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய_அட்மின்:

32 ஜிபி இருந்தால் நானும் அப்படித்தான் பேசுவேன். கேட்டவரிடம் இருப்பது 8. அதற்கு வழி சொல்வோம்.

தம்பி அரைத்தூக்கம், முதலில் அந்த நேர வரம்பு விஷயம். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எட்டு மணி நேரமல்ல, எட்டு மாதம் அசையாமல் கிடந்தாலும், ரேமுக்கு வேறு யாரும் போட்டிக்கு வராதவரை அதன் ஒரு பக்கம்கூட (ரேமைப் பிரித்து வைத்திருக்கும் சிறு துண்டு) வெளியே போகாது. காலி ரேம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போதுதான் கேஸ்வாப்டி என்ற கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வேலையாள் எழுந்து இடம் தேட ஆரம்பிப்பான். காலி இடம் போதுமான அளவு தேறியதும் அவன் பாட்டுக்குத் தூங்கிவிடுவான். சும்மா இருப்பது குற்றமல்ல. இடம் தேவைப்படும் நேரத்தில் சும்மா இருப்பவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் மெஷினில் இரவில் யாரோ ரேம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்ப்பது காலை ஏழு மணிக் கணக்கு. 4.1 ஜிபி காலி என்பது ஏழு மணிக்கு உண்மை, நள்ளிரவு ஒன்றரைக்கு உண்மையாக இருந்திருக்காது.

"சும்மா இருப்பவர்" என்று கெர்னல் யாரைச் சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கேதான். அது ப்ராசஸைப் பார்ப்பதில்லை, பக்கத்தைப் பார்க்கிறது. நம்முடைய வழக்கமான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். உங்கள் 2.7 ஜிபி என்பது ஏறத்தாழ 7 லட்சம் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பேஜ் டேபிளில் (எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணை) ஒரு வரி, அந்த வரியில் 'தொடப்பட்டது' என்று சொல்லும் ஒரே ஒரு பிட். நிரல் அந்தப் பக்கத்தைப் படித்தாலோ எழுதினாலோ சிபியு தானாக அந்தப் பிட்டை 1 ஆக்கிவிடும். கெர்னலைக் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. இடம் தேவைப்படும்போது கெர்னல் சுற்றி வந்து ஒவ்வொரு பிட்டாகப் பார்க்கும். 1 இருந்தால் 0 ஆக்கிவிட்டு "சரி, பிழைத்துப் போ" என்று விட்டுவிடும். அடுத்த முறை வரும்போதும் 0 ஆகவே இருந்தால், இடையில் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் வெளியே. உள்ளுக்குள் 'ஆக்டிவ்', 'இன்ஆக்டிவ்' என்று இரண்டு பட்டியல்கள், அதற்குள் ஏகப்பட்ட நுணுக்கம் எல்லாம் உண்டு, ஆனால் அடிப்படை இந்த ஒற்றைப் பிட்தான். நீங்கள் காலையில் வருவீர்கள் என்பது அந்தப் பிட்டுக்குத் தெரியாது.

வெளியே போகும் விதமும் இரண்டு. நிரலின் கோட், லைப்ரரிகள், படித்த கோப்புகள் இவற்றுக்கெல்லாம் டிஸ்கில் ஏற்கெனவே மூலப்பிரதி இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யாத பக்கம் என்றால் எங்கும் எழுத வேண்டியதில்லை, அப்படியே கைவிட்டுவிடலாம். வேண்டும்போது அதே கோப்பிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். ஆனால் ஹீப், ஸ்டாக் என்று நிரல் தானாக உருவாக்கிக்கொண்ட பக்கங்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. அவற்றை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஸ்வாப்.

இதிலேயே உங்கள் உறைந்துபோன மெஷினுக்கும் பதில் இருக்கிறது. ஸ்வாப்பை அணைத்தால் பேஜிங் (பக்கங்களை வெளியே தூக்குவதும் உள்ளே கொண்டுவருவதும்) நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. ஹீப் பக்கங்களை எழுத இடமில்லாததால், எட்டு மணி நேரம் தொடாத மெயில் தரவுகூட ரேமில் நங்கூரமிட்டு உட்கார்ந்துவிடும். இடம் வேண்டுமென்றால் கெர்னல் வேறெதைத் தூக்கும்? ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கோட் பக்கங்களைத்தான். தூக்கும், அடுத்த நொடியே அந்த நிரலுக்கு அது வேண்டும், டிஸ்கிலிருந்து படிக்கும், அதற்கு இடம் செய்ய இன்னொரு கோட் பக்கத்தைத் தூக்கும். மவுஸ் அசைக்கும் கோட்கூட இப்படி வெளியே போய் வந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் உங்கள் டிஸ்க் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

பழைய வேலையிடத்தில் நானே பட்டிருக்கிறேன். 64 ஜிபி டேட்டாபேஸ் சர்வர். "பெர்ஃபார்மன்ஸ்" என்று யாரோ ஸ்வாப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு அலாரம் வந்து தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகப் பார்த்தால், கடவுச்சொல் அடித்த பிறகு ப்ராம்ப்ட் வர ஆறு நிமிடம். லாகின் ஷெல்லின் பக்கங்களே ரேமில் நிற்கவில்லை. நான் எதையாவது நிறுத்துவதற்குள் ரேம் தீர்ந்துபோனால் யாரையாவது கொன்று இடம் செய்யும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் முந்திக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய ப்ராசஸைப் பார்த்துக் கொன்றது. இருப்பதிலேயே பெரியது எது? டேட்டாபேஸ்தான். விடியும்வரை ரெகவரி ஓடியது.

ஸ்வாப்பினஸ் பற்றி: "ரேம் இத்தனை சதவீதம் நிரம்பினால் ஸ்வாப் ஆரம்பிக்கும்" என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். தப்பு. அது சதவீதமே இல்லை. 5.8 கெர்னலிலிருந்து 200 வரைகூட வைக்கலாம், அதிலிருந்தே தெரியவில்லையா? இடம் தேடும்போது கோப்புக் கேஷைத் தூக்குவதா, ஹீப் பக்கங்களைத் தூக்குவதா என்பதில் எந்தப் பக்கம் சாய்வது என்று சொல்லும் எடை அது. தூக்குவதற்குக் கேஷே மிச்சமில்லை என்றால் 10 வைத்தாலும் 60 வைத்தாலும் ஹீப்தான் போகும்.

இரவில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். மெஷின் நிலவரத்தைப் பதிவுசெய்யும் சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவி, தரவு சேகரிப்பதை இயக்கிவிட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் சார் கட்டளையில் பெரிய டபிள்யூ கொடுத்தால், பத்து பத்து நிமிடமாக நொடிக்கு எத்தனை பக்கம் ஸ்வாப்புக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று காட்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானையும் ஒரு பார்வை பாருங்கள். ஸ்வாப் இல்லாமல் ஓட்டிய அந்த ஐந்து இரவுகளின் கெர்னல் பதிவுகள் இன்னும் இருந்தால் அவற்றையும் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன்.

நிகண்டு:

இடையில் ஒரு சொல் விளக்கம். தலைப்பில் "ஸ்வாப்புக்குப் போகிறது" என்று இருப்பதால் சொல்கிறேன். இந்தப் பெயர் ஒரு பழைய வழக்கத்தின் எச்சம்.

ஸ்வாப்பிங் என்றால் முதலில் ப்ராசஸ் முழுவதையும், தலை முதல் கால் வரை, தூக்கி டிஸ்கில் வைப்பது. பிடிபி-11 கணினியில் ஓடிய யூனிக்ஸ் அப்படித்தான் செய்தது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பில் அதற்கென்றே ப்ராசஸ் எண் 0 இருந்தது. வெளியே காத்திருக்கும் ப்ராசஸுக்கு இடம் வேண்டுமென்றால், எதற்காகவோ காத்துத் தூங்கிக்கொண்டிருப்பவரை முதலில் தூக்கும். அப்படி யாரும் இல்லையென்றால், வெளியே இருப்பவர் குறைந்தது 3 நொடி காத்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் குறைந்தது 2 நொடி இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் மாற்றும். அரைத்தூக்கம் கேட்ட "நேர வரம்பு" ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்!

பக்கம் பக்கமாகப் பிரிக்கும் யோசனை அதற்கும் முந்தியது. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி ஏற்கெனவே பக்கங்களை ட்ரம்முக்கும் (சுழலும் காந்த உருளை) கோர் நினைவகத்துக்கும் இடையே தானாக நகர்த்தியது. யூனிக்ஸுக்கு அது வந்தது 1979-இன் கடைசியில், வாக்ஸ் கணினிக்கான 3பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸில். இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி: பழைய_அட்மின் சொன்ன அந்தத் 'தொடப்பட்டது' பிட் வாக்ஸில் கிடையவே கிடையாது. பெர்க்லியில் பாபாவோலுவும் பில் ஜாயும் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்ல பக்கத்தையே "செல்லாது" என்று பொய்யாகக் குறித்துவைத்தார்கள். நிரல் தொட்டால் பேஜ் ஃபால்ட் (பக்கம் உள்ளே இல்லை என்று சிபியு கெர்னலைக் கூப்பிடுவது) வரும். "ஓகோ, இது பயன்பாட்டில் இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு குறியை அழித்துவிடுவார்கள். ஃபால்ட் வராமலே கிடந்தால் அதைத் தூக்கலாம். இல்லாத பிட்டை ஃபால்ட்டை வைத்தே உண்டாக்கிவிட்டார்கள்.

இன்றைய லினக்ஸ் செய்வது பேஜிங்தான், பெயர் மட்டும் ஸ்வாப். முழு ப்ராசஸையும் தூக்கும் பழைய வழக்கத்துக்கு நெருக்கமான ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸ் பக்கம் போக வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து, இடைநிறுத்தி வைக்கப்பட்ட ஸ்டோர் செயலிகளின் நினைவகத்தை மொத்தமாக எழுதிவைக்க வழக்கமான பேஜ்ஃபைல் போக ஸ்வாப்ஃபைல் என்று தனியாக ஒரு கோப்பே இருக்கிறது.

பின்னணி_ப்ராசஸ்:

விண்டோஸ் எக்ஸ்பி ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சன்னலைச் சிறிதாக்கினாலே அந்த நிரலின் ரேம் கணக்கு டாஸ்க் மேனேஜரில் சட்டென்று விழுந்துவிடும். ரேம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் சிறிதாக்கி வைத்த ஆள் நான். திரும்பப் பெரிதாக்கும்போது அனுபவித்திருக்கிறேன்.

அரைத்தூக்கம்:

இரண்டு இரவு விட்டுப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சார் காட்டியது: 1:10 முதல் 1:50 வரை நான்கு கட்டங்களில் நொடிக்குச் சராசரியாக 290 பக்கம் ஸ்வாப்புக்குப் போயிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சுழியம். திரும்பி வந்தது காலை 7:00–7:10 கட்டத்தில்தான், நான் வந்து உட்கார்ந்தபோது.

க்ரானில் ஒரு மணிக்கு ஒரு வேலை. நானே போட்டது, நானே மறந்தது. ஒரே படம் இரண்டு மூன்று இடத்தில் கிடந்தால் கண்டுபிடிக்க எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட். நாலு மணி வரை ஓடுகிறது. நேற்று இரவு விழித்திருந்து டாப் கட்டளையில் பார்த்தேன், 4.8 ஜிபி வரை போனது.

அப்புறம் நீங்கள் சொன்ன அந்த ஐந்து இரவுகள். ஒவ்வொரு இரவும் ஒரே வரி: "அவுட் ஆஃப் மெமரி", கொல்லப்பட்டது பைத்தான். ஆக நான் சொர்க்கம் என்று நினைத்தது ஸ்வாப் இல்லாததால் அல்ல, என் ஸ்கிரிப்ட் தினமும் செத்துக்கொண்டிருந்ததால். இதுதானே உங்கள் சந்தேகம்?

இன்னும் இரண்டு கேள்வி அண்ணா. நாலு மணிக்கே ஸ்கிரிப்ட் முடிந்து இடம் காலியாகிவிடுகிறது. ஏழு மணி வரை மூன்று மணி நேரம். அதற்குள் பிரவுசரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் என்ன? இன்னொன்று, காலையில் எல்லாம் எழுந்த பிறகும் ஸ்வாப்பில் 2.3 ஜிபி அப்படியே நிற்கிறது. அது கசிவா?

பழைய_அட்மின்:

அதேதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

290 பக்கத்தை 600 நொடியால் பெருக்கினால் 1,74,000. தலைக்கு 4 கேபி என்றால் ஏறத்தாழ 680 எம்பி. நான்கு கட்டம் சேர்த்தால் 2.7 ஜிபி. நீங்கள் முதல் நாள் ஃப்ரீயில் பார்த்த அதே எண். கணக்கு இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவது வருடத்துக்கு ஒருமுறை நடந்தாலே அதிகம், கொஞ்சம் ரசித்துக்கொள்கிறேன்.

ஏன் தானாகத் திரும்பக் கொண்டுவருவதில்லை? எதைக் கொண்டுவருவது என்று அதற்குத் தெரியாது. வெளியே போன 7 லட்சம் பக்கங்களில் பெரும்பாலானவை இனி யாருக்கும் தேவைப்படாதவை. நீங்கள் போன வாரம் திறந்து மறந்த தாவல், தொடக்கத்தில் ஒரே ஒருமுறை படித்த அமைப்புகள், இப்படி. அதையெல்லாம் வேலை மெனக்கெட்டு டிஸ்கிலிருந்து படித்து ரேமை நிரப்புவதைவிட, கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்பதே கணக்கு. பக்கத்தைத் தொட்டால் பேஜ் ஃபால்ட், பேஜ் டேபிள் வரியில் "ஸ்வாப்பில் இத்தனையாவது இடம்" என்று குறித்திருக்கும், அங்கிருந்து படித்து ரேமில் ஏதோ ஒரு காலி இடத்தில் வைத்து, நின்றுபோன அதே கட்டளையை மறுபடி ஓடவிடும். நிரலுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணை மூடித் திறந்ததுபோல்தான்.

தெரிவது உங்களுக்குத்தான், காரணம் அந்த டிஸ்க். உங்கள் 40 நொடியைப் பிரித்துப் பார்ப்போம். சுழலும் டிஸ்கில் தலை நகர்ந்து ஓரிடத்தைப் பிடிக்கச் சுமார் 10 மில்லிநொடி. ஆக 40 நொடியில் 4,000 முறை. லினக்ஸ் ஒரு பக்கம் கேட்டால் அக்கம்பக்கம் சேர்த்து 8 பக்கங்களைப் படித்துக்கொள்ளும், பேஜ்-க்ளஸ்டர் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3, அதாவது 2-இன் 3-ஆம் அடுக்கு. 8 பக்கம் என்பது 32 கேபி. நாலாயிரம் முறைக்கு 125 எம்பி. அவ்வளவுதான்! வெறும் 125 எம்பி பிரவுசர் தரவு உள்ளே வரத்தான் அந்த 40 நொடி. தொடர்ச்சியாகக் கிடந்திருந்தால் அதே டிஸ்க் ஒன்றிரண்டு நொடியில் படித்திருக்கும். சிதறிக் கிடப்பதுதான் கேடு. எஸ்எஸ்டியில் ஒரு படிப்புக்கு 0.1 மில்லிநொடி என்று வைத்தாலும் இதே வேலை அரை நொடிக்குள் முடிந்துவிடும், எழுந்ததே தெரியாது. அந்த வகையில் நேர்வழி சொன்னதில் எஸ்எஸ்டி பாதி சரி.

மிச்சம் நிற்கும் 2.3 ஜிபி கசிவு இல்லை. பெரும்பகுதி இன்னும் யாரும் கேட்காத பக்கங்கள். கேட்டுத் திரும்பி வந்த பக்கங்களிலும் பலவற்றின் பிரதியை ஸ்வாப்பிலேயே விட்டுவைத்திருக்கும். நாளைக்கு அதே பக்கத்தை மறுபடி தூக்க நேர்ந்து, அதற்குள் அதில் யாரும் எழுதாமல் இருந்தால், மறுபடி எழுதும் வேலை மிச்சம். கெர்னல் காட்டும் மெம்இன்ஃபோ கணக்கில் 'ஸ்வாப் கேஷ்டு' என்ற வரி அதுதான். ஸ்வாப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கவலைப்படாதீர்கள். விஎம்ஸ்டாட் 1 என்று ஓடவிட்டு எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) இரண்டு நெடுவரிசைகளையும் பாருங்கள். இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கவலைப்படுங்கள். அதைத்தான் த்ராஷிங் என்கிறோம். அந்தச் சமயத்தில் மெஷின் வேலை செய்வதைவிட மூட்டை தூக்குவதுதான் அதிகமாக இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. ஸ்கிரிப்டைத் திருத்துவதுதான் உண்மையான வழி. படங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். திருத்தும்வரை ஒட்டுப்போட வேண்டுமென்றால், சிஸ்டம்டி-ரன் வழியாக அந்த வேலையைத் தனி சிக்ரூப்பில் (ரேம் வரம்பு போடக்கூடிய ப்ராசஸ் குழு) ஓடவிட்டு மெமரி-ஹை 2 ஜிபி என்று வரம்பு போடுங்கள். வரம்பைத் தாண்டினால் முதலில் அதன் சொந்தப் பக்கங்கள்தான் தூக்கப்படும், உங்கள் பிரவுசர் தப்பிக்கும். ஸ்கிரிப்ட் நொண்டும், நொண்டட்டும், இரவுதானே.

காலை ஐந்து மணிக்கு ஸ்வாப்பை அணைத்து உடனே போடும்படி க்ரானில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அணைக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் ரேமுக்குத் திரும்ப வந்தாக வேண்டும், அதனால் காலையில் பிரவுசர் தயாராக இருக்கும். வேலை செய்யும், ஆனால் அவைலபிள் எண், ஸ்வாப்பில் இருப்பதைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைக்க வேண்டும். உங்களுக்கு 5.4-க்கு 2.7, பிழைத்தீர்கள். ஸ்கிரிப்ட் ஒருநாள் தாமதமாக முடிந்து, அது ஓடும்போதே அணைத்தால் ஓஓஎம் கில்லரை நீங்களே வாசலில் நின்று வரவேற்ற மாதிரி.

சுருக்குப்பை:

ஜிரேம் பற்றி யாருமே சொல்லவில்லையே? பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைப்பது. ஃபெடோரா லினக்ஸ் 33-இலிருந்து இயல்பாகவே வருகிறது, ஆண்ட்ராய்டு போன்களிலும் அதுதான், மேக்கில் 2013-இல் வந்த மேவரிக்ஸிலிருந்து இதே மாதிரி சுருக்கும் வேலை நடக்கிறது. டிஸ்க் சுழலும் வகை என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழைய_அட்மின்:

நல்ல யோசனை, ஆனால் அவரிடம் ஏற்கெனவே டிஸ்க் ஸ்வாப் இருப்பதால் நான் ஜிஸ்வாப்பைச் சொல்வேன். அது டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் நின்று முதலில் சுருக்கி ரேமில் வைத்துக்கொள்ளும், நிரம்பினால் பழையதை டிஸ்குக்கு அனுப்பும். ஜிரேம் மட்டும் முதலில் நிரம்பிவிட்டால், சும்மா கிடக்கும் பழைய பக்கங்கள் அதை அடைத்துக்கொண்டிருக்க, இப்போது தேவையானவை டிஸ்குக்குப் போகும். தலைகீழ்.

அரைத்தூக்கம்:

ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்தையும் 640க்கு 480 ஆகச் சிறிதாக்கி, ஒரு பட்டியலில் போட்டு, அதிலிருந்து 8 பைட் ஹாஷ் (படத்தின் சுருக்க அடையாளம்) எடுக்கிறேன். ஹாஷ் எடுத்த பிறகும் படம் பட்டியலிலேயே இருக்கிறது. எதற்காக வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. மொத்தம் 5,600 படம்.

பழைய_அட்மின்:

640 × 480 × 3 வண்ணம், ஒரு படத்துக்கு 9,21,600 பைட். 5,600 படத்துக்கு 4.8 ஜிபி. உங்களுக்கு வேண்டியதோ 5,600 ஹாஷ், 44,800 பைட். 11 பக்கத்தில் அடங்கிவிடும். பைத்தான் தன் பங்குக்குக் கொஞ்சம் ஊதிப் பெருக்கும், அதைச் சேர்த்தாலும் ஒரு சில எம்பி.

அரைத்தூக்கம்:

அந்தப் பட்டியலை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. நேற்று இரவு ஸ்கிரிப்ட் அதிகபட்சம் 90 எம்பிதான் எடுத்தது. காலை ஏழு மணிக்கு பிரவுசரைத் தொட்டேன், கடிகாரத்தை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

ஆனால் ஸ்வாப்பில் 38 எம்பி இருக்கிறதே? ஸ்கிரிப்ட் ஒன்றும் கேட்கவில்லை, அப்புறம் யார் கேட்டது?

பழைய_அட்மின்:

5,600 படத்தையும் அது டிஸ்கிலிருந்து படித்ததல்லவா? படித்த கோப்பெல்லாம் கேஷில் ஏறி ரேமை நிரப்பியிருக்கும். இடம் தேடும்போது பெரும்பாலும் அந்தக் கேஷையே கைவிட்டிருக்கும், போகிற போக்கில் நாள்கணக்காக யாரும் தொடாத ஹீப் பக்கங்களில் கொஞ்சத்தையும் தூக்கியிருக்கும். ஸ்வாப்பினஸ் எண் பேசுகிற இடம் இதுதான். 38 எம்பியை விட்டுவிடுங்கள், அதை யாரும் தேடி வரப்போவதில்லை.